இரண்டாம் சரணத்தில் ஒரு டாம்பரின்

இதை மூன்று தடவை எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பாட்டுகளைப் பற்றித் தொடங்கி, எனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டிக்கொள்கிற இடத்திலேயே போய் நின்றது. அதனால் இந்த முறை நான் செய்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமுடிவாக்கத்தில் ஒரு ஷீட் மெட்டல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரை, பத்துப் பேர் முன்னால், அவருடைய காதைச் சொல்லி மட்டம் தட்டினேன். அப்போது கெட்டுப்போயிருந்தது என் காது. அது எனக்குத் தெரியும்.

தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் வீடு. ஒரு அறையில் சுவர் முழுக்க சி.டி. அடுக்கியிருக்கிறேன். எல்லாம் பழைய ஆங்கிலப் பாப் பாட்டுகள், பெரும்பாலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தவை. வீட்டுக்கு வருபவர்கள் ஒரே பாட்டு ஏன் ஐந்து சி.டி.யில் இருக்கிறது என்று கேட்பார்கள். அதைக் கேட்டுவிட்டால் எனக்கு ஒரு மணி நேரம் பேச்சு கிடைத்துவிடும்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் ஒரு பாட்டு இரண்டு விதமாக வெளிவந்தது. பெரிய இசைத்தட்டில், ஆல்பத்தில், முழு நீளத்துக்கு வரும். ரேடியோவுக்காகவும் கடையில் தனியாக விற்பதற்காகவும் சின்ன இசைத்தட்டில் சிங்கிளாக வரும். சிங்கிளில் பாட்டை வெட்டிச் சுருக்கியிருப்பார்கள். சில சமயம் வெட்டுவதோடு நிற்காமல் குரலை முன்னால் கொண்டுவந்து, கூடுதலாக ஒரு வாத்தியம் சேர்த்து, வேறு பாட்டு போலவே ஆக்கியிருப்பார்கள். பிறகு சி.டி. வந்தபோது கம்பெனிகள் கையில் கிடைத்த ஆல்பம் டேப்பையே போட்டுவிட்டன. ரேடியோவில் ஜனங்கள் கேட்டு மயங்கிய சிங்கிள் பல பாட்டுகளுக்கு சி.டி.யில் கிடைப்பதே இல்லை. இன்னும் மோசம், ஆல்பத்தில் உள்ளதையே கடைசியில் சத்தத்தைச் சீக்கிரம் மங்கவிட்டு, உறையில் ‘சிங்கிள் வெர்ஷன்’ என்று அச்சடித்து விற்பார்கள். எது அசல் சிங்கிள், எது ஏமாற்று என்று கண்டுபிடிப்பதுதான் எங்களைப் போன்றவர்களின் வேலை. வேலை என்று சொல்ல என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

எங்களைப் போன்றவர்கள் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, சேலையூரில் ஒரு நண்பர் வீட்டு மாடி ஹாலில் கூடுவோம். அந்த நண்பர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பல் டாக்டர், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஒரு அம்மா, ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பேர், இப்படிச் சிலர். யாரும் என்னைத் தலைவனாக்கவில்லை. நானே ஆகிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் இரண்டு சி.டி.யின் பாட்டையும் ஏற்றி, ஒலியின் அலைகளை மேலும் கீழுமாக வைத்து ஒப்பிட்டு, இந்த இடத்தில் இத்தனை விநாடி வெட்டு, இங்கே மங்கல் தொடங்குகிறது என்று குறிப்பு எழுதுவேன். அவற்றை வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் போடுவேன். மேடவாக்கத்தில் தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற ஒருவனுக்கு, எங்கோ பனி கொட்டுகிற ஊரிலிருந்து ‘உங்கள் காதுக்கு வணக்கம்’ என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? எனக்கு அது தலைக்கு ஏறிவிட்டிருந்தது.

காது எப்போது போக ஆரம்பித்தது என்று சரியாகத் தெரியவில்லை. ஒரு நாள் மனைவிக்குக் காய்ச்சல். நான்தான் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்தேன், சூடு ஏறி முடிந்ததும் கீச்சென்று கத்துமே, அது. வைத்துக்கொண்டே இருந்தேன். அவள் அதை எடுத்துப் பார்த்து, அது கத்தி நேரமாச்சே, கவனிக்கலையா என்றாள். ஏதோ யோசனையில் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அந்தத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய், கதவைச் சாத்தி, அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன். எண் ஏறி நின்றுவிட்டது. சத்தம் வரவில்லை. பாட்டரி தீர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பாட்டரி தீர்ந்தால் எண் எப்படித் தெரியும் என்று யோசிக்கிற அளவுக்குப் படித்தவன்தான் நான்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்கு, வீட்டில் சொல்லாமல் போனேன். காது பரிசோதிக்கும் பெண்ணுக்கு என் மகள் வயது. ஒரு அலமாரி மாதிரி இருந்த அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் அழுத்தினேன். பிறகு அழுத்த ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எதையோ திருப்பிக்கொண்டே இருந்தார். கேட்கிற மாதிரி இரண்டு தடவை பொய்யாக அழுத்தினேன். பரிசோதனையிலும் காப்பி அடித்த ஆள் நான்.

வெளியே வந்ததும் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு நேராகப் போய், பாதிக்கு மேல் சரிந்து விழுந்தது. பேச்சு கேட்கும், தாளம் கேட்கும், மேலே இருக்கிற மெல்லிய சத்தங்கள்தான் கேட்காது, இது வந்து பல வருஷம் ஆகியிருக்கும், மெஷின் வைத்துக்கொண்டால் நல்லது என்றார். சத்தமான இடத்தில் வேலை செய்தேனா என்று கேட்டார். இல்லை, ஹெட்போனில் பாட்டு கேட்பேன் என்றேன். தினம் எவ்வளவு நேரம் என்றார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அந்த ரிப்போர்ட்டை நாலாக மடித்து சி.டி. அலமாரிக்குப் பின்னால் செருகினேன்.

அதற்குப் பிறகாவது குறிப்பு எழுதுவதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நீளமும் வெட்டும் கம்ப்யூட்டரில் கண்ணுக்கே தெரியும், அதற்குக் காது வேண்டாம். மற்றதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஓடும்போது பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி, உங்களுக்கு என்ன கேட்கிறது, உங்களுக்கு என்ன கேட்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். மூன்று பேர் சொல்வதைச் சேர்த்து, கடைசியில் நான் தீர்ப்பு சொல்வேன். டிரம்ஸோடு அடிக்கிற சிம்பல் தட்டு இன்னும் பளிச்சென்று இருக்கிறது என்று எழுதுவேன். அந்தச் சிம்பலை நான் கேட்டு வருஷக்கணக்காகியிருக்கும்.

அந்த ஷீட் மெட்டல்காரரை அழைத்து வந்தது பல் டாக்டர். பல் பிடுங்க வந்தவர், கிளினிக்கில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டு, வாயில் பஞ்சோடு, இது ரெகார்டில் வந்த மாதிரி இல்லையே என்றாராம். ஊர் படப்பை. வயது ஐம்பதுக்கு மேல். நாங்கள் எல்லாரும் அவரை பாய் என்று கூப்பிட்டோம். அவருடைய அப்பா தாம்பரத்தில் ரேடியோவும் மின்விசிறியும் ரிப்பேர் செய்தவர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம், கிளம்புகிற அன்று ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சின்ன ரெகார்டுகளை அவருடைய அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. வீட்டில் இருந்தது அந்த ஒரு பெட்டிதான். இந்த மனிதர் அதையே கேட்டு வளர்ந்தார். பாட்டின் வார்த்தைகள் பாதிக்கு மேல் புரியாது என்று அவரே சொல்வார். எந்த இடத்தில் என்ன வாத்தியம் வரும் என்பது மட்டும், தன் வீட்டு மாடிப்படி மாதிரி, அவருக்கு இருட்டிலும் தெரியும்.

முதல் இரண்டு மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். யாராவது கேட்டால் ஒரு வரி சொல்வார். அந்த ஒரு வரி பெரும்பாலும் சரியாக இருந்தது. மற்றவர்கள் திரும்பி அவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை இப்போது எழுதுகிறேன். அப்போது அவர் அதிகம் பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் நான் ஒரு புது சி.டி. கொண்டுபோனேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. அதில் ஒரு பாட்டு, ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் பாடுவது, உறையில் ‘சிங்கிள் வெர்ஷன்’ என்று போட்டிருந்தது. அசல் சிங்கிளின் லேபிளில் அச்சடித்திருந்த நீளமும் இதன் நீளமும் ஒரு விநாடி பிசகாமல் ஒன்று. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அசல் சிங்கிள் சி.டி.யில் வந்திருக்கிறது என்று எல்லார் முன்னாலும் அறிவித்தேன். பாட்டைப் போட்டேன். முடிந்ததும் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து அவர் சொன்னார்.

“சார், இது அது இல்ல சார். ரெண்டாவது சரணத்துல டாம்பரின் வரணும். இதுல இல்லாம கீது.”

டாம்பரின் என்பது நம் கஞ்சிரா மாதிரிதான், வளையம் முழுக்கச் சின்னச் சின்னத் தட்டுகள் கோர்த்திருக்கும். குலுக்கினால் ஜல் ஜல் என்று கேட்கும். மெல்லிய, உயர்ந்த சத்தம். அந்த வரைபடத்தில் என் கோடு விழுந்து கிடந்த இடம் அதுதான்.

நீளம் சரியாக இருக்கிறது, இதுதான் சிங்கிள் என்றேன். ஆல்பத்தில் உள்ளதையே அந்த நீளத்துக்கு வெட்டியிருப்பார்கள் சார் என்று பணிவாகச் சொன்னார். மறுபடி போட்டேன். அந்த ஜல் ஜல் எனக்கு எப்படியும் கேட்காது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அசலை அங்கே வேறு யாரும் கேட்டதில்லை, அதனால் மற்றவர்களாலும் சொல்ல முடியவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் விடவில்லை.

“ரெகார்டு வூட்டுல கீது சார். அடுத்த வாட்டி பிளேயரோட எடுத்தாறேன். நீங்களே கேட்டுப் பாருங்க.”

நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றதில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அடுத்த மாதம் ரெகார்டு ஓடும். எல்லாருக்கும் அந்த ஜல் ஜல் கேட்கும். எனக்கு மட்டும் கேட்காது. கேட்டதா என்று என்னைக் கேட்பார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. அடுத்த நொடியில் நான் சொன்னது இது.

“பாய், காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தகரம் வெட்டற சத்தத்துல இருக்கற காது உங்களுது. அதுல இல்லாததெல்லாம்கூடக் கேக்கும். ரெகார்டெல்லாம் எதுக்குத் தூக்கிட்டு வரீங்க, விடுங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னேன். அதனால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “சரி சார்” என்றார். எழுந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைசி வரை இருந்தார். இன்னும் இரண்டு பாட்டு கேட்டார். கொடுத்த சமோசாவைத் தின்று, டீ குடித்து, டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்தார். கிளம்பும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, என் கையை இரண்டு கையாலும் பிடித்து, வரேன் சார் என்றார். அவருடைய உள்ளங்கை காய்ப்புக் காய்ப்பாக, கட்டை மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஷிப்டு மாறியிருக்கும் என்று பல் டாக்டர் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. பெங்களூரில் வேலை செய்யும் என் மகள் தீபாவளிக்கு வந்திருந்தாள். இணையக் குழுவில் ஒருவர், தன்னிடம் இருந்த அசல் சிங்கிளிலிருந்து அந்தப் பாட்டைப் பதிவு செய்து எனக்கு அனுப்பியிருந்தார். ஏன் அனுப்பச் சொன்னேன் என்றால் பாய் சொன்னது தப்பு என்று எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. மகளிடம் ஹெட்போனைக் கொடுத்து, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சொல்லு பார்ப்போம் என்று விளையாட்டு மாதிரி கேட்டேன். கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டவள், பாதியில் நிமிர்ந்து சொன்னாள்.

“ரெண்டாவது சரணத்துல ஜல்ஜல்னு ஒண்ணு வருதேப்பா, சூப்பரா இருக்கு. இன்னொண்ணுல அது இல்ல. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும் என்றேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினேன். இந்த சி.டி.யில் இருப்பது அசல் சிங்கிள் அல்ல, நீளம் ஒன்றாக இருந்தாலும் இது ஆல்பம் பதிவை வெட்டியது, மீண்டும் மீண்டும் கவனமாகக் கேட்டதில் இரண்டாம் சரணத்தில் டாம்பரின் இல்லாததை அறிந்தேன் என்று. அறிந்தேன். அந்த வார்த்தையை யோசித்துத்தான் போட்டேன். பாயைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. இணையக் குழுவில் கொண்டாடிவிட்டார்கள். நாற்பது வருஷமாக யாரும் கவனிக்காததை மெட்ராஸில் ஒருவர் கவனித்திருக்கிறார் என்று எழுதினார்கள். நானே நன்றி, நன்றி என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஐ.டி. நண்பர் அதைப் பகிர்ந்தார். பாயும் அந்தக் குழுவில் இருந்தார், அதை விட்டு விலகவில்லை என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘ரொம்ப சந்தோசம் சார். எனக்கு நிம்மதியா ஆச்சு.’ அதன் கீழே கைகூப்பிய படம்.

குத்திக் காட்டுகிறாரோ என்று திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படி எடுத்துக்கொண்டால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குத்திக் காட்டுகிற வரி இல்லை அது. நிம்மதி என்ற சொல்தான் ஏன் என்று விளங்கவில்லை. தட்டில் போட்ட சாதத்தை அப்படியே வைத்துவிட்டேன். மனைவி என்னவோ கேட்டாள். அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருமுடிவாக்கம் போனேன். தாம்பரம் வந்து, முடிச்சூர் ரோடு பிடித்து, வெளிவட்டச் சாலையில் ஏறினால் முக்கால் மணி நேரம். பாய் வேலை செய்யும் பட்டறை எங்கே என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். நல்ல வாக்கியங்கள். ஒன்றும் உதவவில்லை.

பட்டறை வாசலில் நின்றபோது உள்ளே தகரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. ஆறேழு பேர் வேலை செய்கிறார்கள். எல்லாரும் வெறும் காதோடு. அவர் ஒருவர்தான் தலைக்கு மேல் வளைந்து இரண்டு காதையும் மூடுகிற தடித்த மஃப் மாட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றினார். உள்ளே, காதுக்குள், மெழுகு தடவிய பஞ்சு. அதையும் எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு, சட்டைப் பையில் வைத்தார். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்து, இவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் சார், செவுடன் செவுடன்னு கிண்டல் பண்ணினாலும் எடுக்க மாட்டார் என்றார். சேர்ந்து முப்பது வருஷமாம். அந்த ஒரு பெட்டி ரெகார்டுக்காக அந்த மனிதர் முப்பது வருஷம் தன் காதை மூடி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

எதிரே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். சாப்பாட்டு நேரம். பெஞ்சில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடம், பொய்யாக அழுத்திய பட்டன், அன்று வந்த பயம், மகள் சொன்னது, அறிந்தேன் என்று எழுதியது. லாரி போனபோதெல்லாம் நான் நிறுத்த வேண்டியிருந்தது. அவர் பேச ஆரம்பித்தபோது, நான் சரியாகக் கேட்பதற்காக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கொஞ்சம் உரக்கவே பேசினார்.

“நீங்க சொன்னது பெருசில்ல சார். சத்தத்துல வேல செய்யறவன்தானே நான். வூட்டுக்குப் போயி அந்த ரெகார்டப் போட்டேன். கேட்டுச்சு. ஆனா நீங்க சொல்ட்டீங்களே, இல்லாததெல்லாம் கேக்கும்னு. நெசமாவே கேக்குதா, நானா நெனச்சிக்கினு கீறேனான்னு ஒரு டவுட்டு வந்துருச்சு. தெனம் போட்டுப் பாத்தேன். அப்பறம் ஒரு நாள் லீவு போட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரில போயி டெஸ்டு எடுத்தேன்.”

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“காது நல்லா கீதுன்னாங்க. இந்த வயசுக்கு ரொம்ப நல்லா கீதுன்னாங்க. அப்பவும் எனக்கு நம்பிக்கை வர்ல. நீங்க எழுதுனதப் பாத்தப்புறம்தான் சார் வந்துச்சு.”

டாக்டர் சொல்லி நம்பாததை நான் சொல்லி நம்பியிருக்கிறார். அதுவும் நான் அவரிடமிருந்து எடுத்து என் பெயரில் போட்டுக்கொண்டதை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்கிட்ட தனியா சொல்றீங்க, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே சார் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியாரிடம் பையன் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பஞ்சு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து முதலில் மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள், நான் கூப்பிட்டா திரும்பாம உக்காந்திருப்பீங்களே, வேணும்னே பண்றீங்கன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன் என்றாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். எத்தனை நாள், எத்தனை தடவை அப்படி நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவு வரவில்லை.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு மாடி ஹாலில், பாட்டு தொடங்கும் முன், எழுந்து நின்று சொன்னேன். அமைத்து வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தேன். யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை. ஐ.டி. நண்பர், அப்போ நீங்க எழுதின குறிப்பெல்லாம் என்று ஆரம்பித்து நிறுத்தினார். நீளம், வெட்டு எல்லாம் நம்பலாம், சத்தத்தைப் பற்றி எழுதியது எதையும் நம்ப வேண்டாம் என்றேன். ரயில்வே நண்பர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டப் போனார். அது ஏற்கெனவே முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆர்கன் வாசிக்கும் அம்மா மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“உங்களுக்குக் காது கேக்கலைன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும் சார். வயசாச்சு, விட்டுடலாம்னு இருந்தேன். அன்னிக்கு அவரை அப்படிச் சொன்னப்ப நான் வாயைத் திறந்திருக்கணும்.”

இத்தனை நாள் நான் நடத்திய நாடகத்தை முன்வரிசையில் ஒருவர் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தெரிந்துகொண்டே என் தீர்ப்புகளுக்குத் தலையாட்டியிருக்கிறார். காதுமடல் சூடேறி, அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று நினைவில்லை.

இணையக் குழுவிலும் எழுதினேன். அந்த டாம்பரினைக் கண்டுபிடித்தது நான் அல்ல, என் காது பல வருஷமாகப் பழுது, கண்டுபிடித்தவர் சென்னைக்குப் பக்கத்தில் ஷீட் மெட்டல் வேலை செய்யும் ஒருவர் என்று. பெயர் போடட்டுமா என்று அவரிடம் கேட்டிருந்தேன். வேண்டாம் சார், எதுக்கு பேஜாரு என்று சொல்லிவிட்டார். குழுவில் சிலர் நேர்மைக்குப் பாராட்டு என்று எழுதினார்கள். அதைப் படித்ததும் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். அந்தப் பாராட்டைத் தாங்கிக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆயிற்று. பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, சத்தத்தைப் பற்றிய வரிகளை அடித்துக்கொண்டிருக்கிறேன். சில குறிப்புகளில் மிஞ்சுவது இரண்டு எண்கள்தான்.

இப்போது காதில் மெஷின் வைத்துக்கொள்கிறேன். குக்கர் கூவுவதும் வாசல் மணியும் கேட்கிறது. பாட்டு கேட்டால் எல்லாம் தகர டப்பாவுக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது. கேட்டுப் பழகிவிடும் என்கிறார் கிளினிக் பெண்.

அவர் மூன்று மாதம் கழித்து வந்தார். ஆர்கன் அம்மா போனில் கூப்பிட்டிருக்கிறார். ரெகார்டையும் பிளேயரையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்தார். போட்டார். எல்லாருக்கும் கேட்டது. எனக்குக் கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியாகத் தெரியவில்லை என்றே சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து ஏறக்குறைய எல்லா மாதமும் வருகிறார். முன்வரிசையில் இடம் கொடுத்தோம், உட்காருகிறார். என்னை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறார். மழை எப்படி, வீட்டில் எப்படி என்று விசாரிக்கிறார்.

ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் ஏதாவது கேட்டால் பளிச்சென்று சொல்வார், இது இருக்கிறது, அது இல்லை என்று. போன மாதம் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, பின்னால் ஒரு சன்னமான மணி கேட்கிறதே, உங்கள் ரெகார்டிலும் உண்டா என்று பல் டாக்டர் அவரிடம் கேட்டார். அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒரு கணம் என் பக்கம் பார்த்துவிட்டு, “இருக்கலாம் சார்” என்றார்.